கோட்டைக்கு வெளியே கேட்ட பாட்டு

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது செஞ்சிக் கோட்டையைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை. "நீ செஞ்சிக்காரன், உனக்குத் தெரியாததா? நாலு பக்கம் எழுதிக் கொடுத்துடுப்பா" என்று மலர்ப் பொறுப்பாளர் போனில் சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வைத்தும்விட்டார். அவர் எனக்கு இரண்டு பேட்ச் சீனியர். ஹாஸ்டலில் ஏற்பட்ட பயம் அவ்வளவு சீக்கிரம் போகாது என்பது பழைய மாணவர்களுக்குத் தெரியும். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்குப் போகப் போகத் தெரியும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர்களின் இராணுவக் கோட்டைகள் என்ற வகையில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது எங்கள் செஞ்சி. அன்று முதல் ஆபீசில், ரயிலில், கல்யாண வீட்டில், யாரைப் பார்த்தாலும் கோட்டையைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் கோட்டையைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் எழுதிவிட்டார்கள். சி.எஸ். சீனிவாசாச்சாரியார் 1943ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாகச் செஞ்சியின் வரலாற்றையும் அதன் அரசர்களையும் பற்றி எழுதிய ஆங்கில நூலைத் தாண்டிச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. எனவே கோட்டைச் சுவருக்கு வெளியே நான் கேட்டு வளர்ந்ததைப் பற்றி எழுதுகிறேன். அதுவும் செஞ்சியின் வரலாறுதான். சீனியர் மன்னிப்பாராக!

கோட்டையின் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள்; மூன்றையும் இணைத்து ஏறக்குறைய 13 கிலோமீட்டர் மதில். கோனார் வம்சம் தொடங்கி வைத்ததாகச் சொல்வார்கள். பிறகு விஜயநகரத்தாருக்குக் கீழ் நாயக்கர்கள். 1649 வாக்கில் பீஜப்பூர் சுல்தான், 1677ல் சிவாஜி. சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, மொகலாயப் படை வெளியே உட்கார்ந்துகொண்டு 1690 முதல் 1698 வரை முற்றுகை. எட்டு வருஷம்! நம்மில் சிலர் டிகிரி முடிக்க எடுத்துக்கொண்ட காலத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அப்புறம் ஆர்க்காட்டு நவாப், 1750ல் பிரெஞ்சுக்காரர், 1761ல் ஆங்கிலேயர். அத்தோடு சரி. பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து கருங்கல் தூண்களையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். புதுச்சேரி பீச்சில் காந்தி சிலையைச் சுற்றி உயரமாக நிற்கிறதே, அவை எங்கள் ஊர்த் தூண்கள்தான். அந்தப் பக்கம் போகும் நண்பர்கள் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

இத்தனை அரசர்கள் ஆண்ட ஊரில் அவர்களுடைய அரண்மனைப் பாட்டு ஒன்றுகூட ஊராரிடம் தங்கவில்லை. தஞ்சாவூரில் அரசவை வளர்த்த சங்கீதம் இன்றைக்கும் கச்சேரி மேடையில் இருக்கிறது. செஞ்சியில் கல்யாண மகால் இருக்கிறது, களஞ்சியம் இருக்கிறது, யானைக்குளம் இருக்கிறது, பாட்டு இல்லை. எங்களுக்குக் கிடைத்த பாட்டெல்லாம் கோட்டைக்கு வெளியே, கழனியிலும் களத்துமேட்டிலும் கோயில் வாசலிலும் பிறந்தவை.

முதல் பாட்டு எனக்கு ஆயாவிடமிருந்து வந்தது. எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்போம். மல்லாட்டை உரிக்கும் காலத்தில் (மற்ற மாவட்டத்து நண்பர்களுக்காக: வேர்க்கடலை) தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து உரிப்பார்கள். கூலி படிக் கணக்கு. கை ஓட வேண்டுமானால் வாயும் ஓட வேண்டும். ஆயா தேசிங்கு ராஜன் கதையை எடுத்துவிடுவாள். ஒரே மெட்டு. இரண்டிரண்டு அடியாகப் போகும். இரண்டாவது அடி முடியும் இடத்தில் மற்றவர்கள் "ஆமாம்" என்பதுபோல் ஒரு இழுப்பு இழுப்பார்கள். அந்த இழுப்புக்காகவே நான் அங்கே உட்கார்ந்திருப்பேன். கதை ஆயாவுக்கு முழுசாகத் தெரியாது; குதிரை வரும் இடமும் சண்டைக்குப் புறப்படும் இடமும் மட்டும் தெரியும். மீதியைப் 'பெரிய எழுத்து' புத்தகம் ஒன்றை வைத்து என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வாள். அவளுக்கு எழுத்து தெரியாது. எனக்கு மெட்டு தெரியாது. இருவரும் சேர்ந்தால் ஒரு பாடகர்.

வரலாற்றில் தேசிங்கின் பங்கு மிகச் சிறியது. தேஜ் சிங் என்பது பெயர். அப்பா சொரூப் சிங், மொகலாயர்கள் வைத்த புந்தேல ராஜபுத்திரக் கோட்டைத் தலைவர். அவர் 1714ல் இறந்தார். மகன் வந்து பொறுப்பேற்றான். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகான் பாக்கிக் கப்பத்தைக் கேட்டார், இவன் மறுத்தான். 1714 அக்டோபர் 3ந் தேதி போர்க்களத்தில் செத்துப்போனான். வயது 22 வாக்கில். பத்து மாதம்கூட முழுதாக ஆளவில்லை. அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். செட்டிகுளத்துப் பக்கம் அந்த இடத்தைக் காட்டுவார்கள். இராணிப்பேட்டை என்ற பெயரே அவள் நினைவாக வந்தது என்றும் சொல்வதுண்டு.

ஆனால் பாட்டில்? எட்டு வருஷம் முற்றுகையைத் தாங்கிய ராஜாராமுக்கு எங்கள் ஊரில் நான் கேட்டு வளர்ந்த பாட்டு ஒன்றும் இல்லை. பத்து மாதம் ஆண்டவனுக்கு முன்னூறு வருஷமாகப் பாட்டு! பாட்டில் அவன் ஐந்து வயதில் டில்லிக்குப் போய், யாராலும் அடக்க முடியாத குதிரையை அடக்கி, சிறையிலிருக்கும் தகப்பனை மீட்டு வருகிறான். சண்டைக்குப் போகுமுன் சிங்கவரம் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்கிறான். பள்ளிகொண்ட பெருமாள் 'போகாதே' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஊர்ச் சொல். அந்தக் குடைவரைக் கோயிலுக்குப் போனால் இன்றும் அர்ச்சகர் தீபத்தைக் காட்டி, "பாருங்க, முகம் அந்தாண்ட திரும்பியிருக்கு" என்பார். அவனுடைய உயிர் நண்பன் மகபத்கான் ஒரு முஸ்லிம். தன் கல்யாணத்தைப் பாதியில் விட்டு ஓடி வந்து, தேசிங்கோடு நின்று சாகிறான். எதிரியும் முஸ்லிம் நவாப்தான். ஆனாலும் அந்தப் பாட்டில் மதச் சண்டை கிடையாது. ஆயா பாடும்போது தேசிங்கு சாகும் இடத்தைவிட மகபத்கான் சாகும் இடத்தில்தான் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். 1960ல் எம்.ஜி.ஆர். நடித்து, ஜி. ராமநாதன் இசையில் 'ராஜா தேசிங்கு' படமாகவே வந்தது. ஆயா அதை டூரிங் டாக்கீசில் பார்த்திருக்கிறாள். அபிப்பிராயம் கேட்டால், "எம்சியார் நல்லாத்தான் இருந்தாரு. பாட்டுதான் நம்ம பாட்டு இல்ல" என்பாள். ஜி. ராமநாதன் எவ்வளவு பெரிய மேதை என்று அவளிடம் யார் எடுத்துச் சொல்வது?

ஆயாவின் பாட்டு பிடித்திருந்தது, அவ்வளவுதான். சங்கீதப் பைத்தியம் பிடித்தது கூத்தில்.

என் தாய்மாமன் ஒரு ஜமாவில் பின்பாட்டுக்காரர். கூத்துக் குழுவை எங்கள் பக்கத்தில் ஜமா என்பார்கள். பகலில் சைக்கிள் ரிப்பேர் கடை, பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் ராத்திரியில் கூத்து. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைக்கும் காலம் அது. பதினெட்டு இருபது நாள் நடக்கும். மத்தியானம் பந்தலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடி விளக்கம் சொல்வார். அன்று பகலில் எந்தக் கதையைச் சொன்னாரோ அதையே ராத்திரி கூத்தாடுவார்கள். வில் வளைப்பு, துகில் உரிதல், அர்ச்சுனன் தபசு, கீசகன் சண்டை, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், கடைசியில் பதினெட்டாம் போர். அடுத்த நாள் காலை களிமண்ணால் துரியோதனனைப் பிரம்மாண்டமாகப் படுக்கவைத்துப் படுகளம், சாயங்காலம் தீமிதி.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது மாமா முதல்முறையாக என்னைக் கூத்து மேளத்துக்குப் பின்னாலேயே உட்கார வைத்தார். முன்னால் உட்கார்ந்தால் கூத்து தெரியும், பின்னால் உட்கார்ந்தால்தான் பாட்டு தெரியும் என்பது மாமாவின் கட்சி. பெஞ்சில் பெட்டிக்காரர் (ஆர்மோனியம்), மத்தளக்காரர், தாளக்காரர், அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு கிழவர். கையில் முழ நீளம்கூட இல்லாத ஒரு கருப்புக் குழல். ராத்திரி பத்து மணிக்குக் களரி கட்டினார்கள். அதாவது மத்தளமும் தாளமும் சேர்ந்து, 'கூத்து ஆரம்பம், வாங்க' என்று சுற்றுப்பட்டு ஊர்களுக்குச் சொல்வது. அந்தச் சமயத்தில் கிழவர் குழலை வாயில் வைத்தார்.

முகவீணை. பெயரில் வீணை இருந்தாலும் ஊதுகுழல்தான். நாதஸ்வரத்தின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நாணற் சீவாளி, அதே விரல் துளைகள், ஆனால் நீளம் குறைவு. குழல் குறுகினால் சுருதி ஏறும் என்பது முதலாமாண்டு பிசிக்ஸ். ஏறத்தான் செய்தது! மைக் இல்லாத காலத்தில் வேஷக்காரன் எட்டுக்கட்டைச் சுருதியில் கத்திப் பாட வேண்டியிருந்தது. அந்தக் குரலுக்கும் மேலே ஏறி, கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் கேட்க ஒரு வாத்தியம் வேண்டுமே, அதுதான் இது. முதலில் காதைப் பொத்திக்கொண்டேன். அரை மணி கழித்துக் கையை எடுத்தேன். விடிகிற வரைக்கும் எடுத்த கையை மறுபடி வைக்கவில்லை.

அன்று கர்ண மோட்சம். திரைக்குப் பின்னாலிருந்து கர்ணன் விருத்தம் பாடி, திரையைத் தள்ளிக்கொண்டு வந்து, கிறிக்கி சுற்றுகிறான். தலையில் கிரீடக்கட்டை, தோளில் புஜக்கட்டை, எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடி பதித்தவை. ஒரு அடி பாடுவான். அதையே பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில் அவன் ஆடுவான், மூச்சும் வாங்கிக்கொள்வான். எட்டு மணி நேரம் ஒரு மனிதன் பாடி ஆட வேண்டுமானால் இப்படி ஒரு ஏற்பாடு இல்லாமல் முடியாது. யார் வடிவமைத்தார்களோ, நல்ல எஞ்சினியர்! பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும்போது மணி மூன்று. சிறுவர்கள் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கர்ணன் அடிபட்டு விழும்போது கிழக்கு வெளுக்கிறது. அப்போது முகவீணைக்காரர் வாசித்த ஒன்று என் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. பெயர் தெரியாது. மாமாவைக் கேட்டேன். "அது சாவு மெட்டுடா. இன்னாத்துக்கு அழுவுற? கர்ணன் எழுந்து டீ குடிக்கப் போயிட்டான் பாரு" என்றார். உண்மைதான், கர்ணன் கிரீடத்தைக் கழற்றிவிட்டு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தான்.

அதற்கப்புறம் எந்தப் பாட்டைக் கேட்டாலும் அந்த மெட்டு இதில் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன். டீக்கடையில் இளையராஜா, புதுச்சேரி வானொலியில் சாயங்கால நாதஸ்வரம், மேல்மலையனூர் அமாவாசையில் பம்பை உடுக்கை, மாரியம்மன் கோயில் கூம்பு ஸ்பீக்கரில் எல்.ஆர். ஈஸ்வரி..... எதையும் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னபோது ஓர் ஆசிரியர், "கூத்தெல்லாம் சத்தம்டா. சங்கீதம்னா வேற" என்றார். வகுப்பே சிரித்தது. வேறு என்றால் எப்படி வேறு என்று அவரும் சொல்லவில்லை, கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை. ஆனால் கேள்வி மட்டும் என்னோடு நம் கல்லூரி வரைக்கும் வந்தது.

2006ல் ஹாஸ்டலில் என் அறைத் தோழன் கும்பகோணத்துப் பக்கம். ஏழு வயதிலிருந்து முறையாகப் பாட்டுக் கற்றவன். மாமாவின் பிலிப்ஸ் டேப் ரிக்கார்டரில் நான் பதிவு செய்து வைத்திருந்த கேசட் ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுக் காட்டினேன். இரைச்சலுக்கு நடுவே முகவீணை. அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "டேய், இது முகாரிடா" என்றான். "சுத்தமா இல்ல, ரெண்டு ஸ்வரம் அவர் இஷ்டத்துக்குப் போறார். ஆனா முகாரிதான்." அடுத்த ஒரு மணி நேரம் அவன் பாட, நான் கேசட்டைத் திருப்பித் திருப்பி ஓட்ட, பக்கத்து அறைக்காரர்கள் கதவைத் தட்டித் திட்டினார்கள். சாவு மெட்டுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. மோகனம், கல்யாணி, நாதநாமக்கிரியை எல்லாம் கூத்தில் இருக்கின்றன என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். பெயர் வேண்டுமானால் ஜமாவில் வேறாகச் சொல்வார்கள், இல்லாவிட்டால் சொல்லவே மாட்டார்கள். தெருவுக்குப் போன சங்கீதமா, தெருவிலிருந்து மேடைக்குப் போன சங்கீதமா என்பது பெரியவர்கள் தீர்க்க வேண்டிய வழக்கு. என் கட்சி இரண்டாவது.

நாம் எஞ்சினியர்கள் ஆனதால் ஒன்று சொல்லிவிட வேண்டும். சாதாரண முரசுத் தோல் அதிரும்போது எழும் மேல்சுரங்கள் ஒன்றுக்கொன்று முழு எண் விகிதத்தில் இருக்காது. அதனால்தான் பறையில் சுருதி தெளிவாகத் தெரிவதில்லை. மிருதங்கத்துக்கு நடுவில் கரணை என்று கருப்பாக ஒரு பசை ஏற்றுகிறார்களே, அந்த எடை தோலின் அதிர்வை மாற்றி, மேல்சுரங்களை முழு எண் விகிதத்துக்கு இழுத்து வந்துவிடுகிறது. இதை 1920ல் சி.வி. ராமன் தன் உடன் ஆய்வாளரோடு 'நேச்சர்' இதழில் எழுதினார். நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்புக்கு எட்டு வருஷம் முன்னால்! கூத்து மத்தளக்காரர் ராமனைப் படித்ததில்லை. ராத்திரி பனியில் தோல் தளர்ந்தால் பசையைச் சுரண்டி, வாரில் தட்டி, அரை நிமிஷத்தில் சரி செய்துவிடுவார்.

ஆர்மோனியத்தின் கதை இன்னும் வேடிக்கை. பாரீசில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் 1842ல் காப்புரிமை வாங்கிய கருவி. கல்கத்தாவில் கையால் துருத்தி அடிக்கும்படி மாற்றினார்கள். பார்சி நாடகங்களோடு தெற்கே வந்து, நாடக மேடையைப் பிடித்து, அங்கிருந்து கூத்துப் பெஞ்சில் ஏறிக்கொண்டது. கமகம் வராது என்று குற்றம் சாட்டி 1940ல் அகில இந்திய வானொலி இதைத் தடை செய்தது. 1971 வரைக்கும் அந்தத் தடை இருந்தது. முப்பது வருஷம் ரேடியோவுக்குள் நுழைய முடியாத பெட்டி, கூத்தில் முகவீணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசியில் அதையே பெஞ்சிலிருந்து தள்ளிவிட்டது. பெட்டி எளிது; முகவீணைக்கு மூச்சு வேண்டும், சீவாளி சீவத் தெரிய வேண்டும்.

இந்தப் பாரதக் கூத்துக்கும் செஞ்சிக்கும் என்ன சம்பந்தம்? நிறைய. எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் மேலச்சேரி. பழைய செஞ்சி என்பார்கள். அங்கிருக்கும் திரௌபதி அம்மன் கோயில்தான் மற்ற திரௌபதி கோயில்களுக்கெல்லாம் ஆதி என்று பூசாரிகள் பல ஊர்களில் சொல்கிறார்கள். செஞ்சியை ஆண்ட சுனீதன் என்னும் அரசனுக்கு அசுரனால் ஆபத்து வந்தபோது, அவனைக் காக்கத் திரௌபதி மறுபடி இங்கே தோன்றினாள் என்பது கதை. ஆல்ஃப் ஹில்டபைடல் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இந்தக் கதையைத் தேடி ஊர் ஊராக அலைந்து, கூத்துப் பார்த்து, 1988ல் சிகாகோவில் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். தலைப்பிலேயே 'செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை' என்று வரும். 1990ல் ரிச்சர்ட் ஃபிராஸ்கா தெருக்கூத்தைப் பற்றியே தனி நூல் எழுதினார். செஞ்சிக்காரர்களில் எத்தனை பேர் இந்தப் புத்தகங்களைத் தொட்டிருப்போம்? நானே அமெரிக்காவில் ஆன்சைட் போயிருந்தபோது ஒரு நூலகத்தில்தான் முதலில் பார்த்தேன். செஞ்சி என்ற பெயரை அந்த அலமாரியில் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது. அங்கே யாரும் இல்லை.

செஞ்சியைச் சுற்றி வளர்ந்த இந்த வழிபாடு கப்பல் ஏறியும் போனது. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் ஐப்பசியில் நடக்கும் தீமிதி திரௌபதிக்கானது. இலங்கையில் பாண்டிருப்பிலும் உடப்பிலும் திரௌபதி கோயில்கள் உண்டு. பிரெஞ்சுக் காலனிகளில் 1848ல் அடிமை முறை ஒழிந்தபின் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக நம் பக்கத்துக் கூலி ஜனங்களைக் கரும்புத் தோட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்களோடு கூத்தும் போனது. இந்துமாக்கடலில் ரீயூனியன் தீவில் அதற்குப் 'பால் தமூல்' என்று பெயர். 'பால்' என்றால் பிரெஞ்சில் ஆட்டக் கூட்டம். தமிழ் பேசத் தெரியாத தலைமுறைகூடத் தமிழ்ப் பாட்டைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடியது. தூண் போன வழியிலேயே பாட்டும் போயிருக்கிறது. தூண்கள் போன இடத்தில் அப்படியே நிற்கின்றன. பாட்டு அங்கேயும் இருந்தது, இங்கேயும் இருந்தது.

இங்கே இருந்தது என்று எழுதும்போதே கை கொஞ்சம் தயங்குகிறது. கூத்து அழிந்துவிட்டது என்று ஒப்பாரி வைப்பது என் நோக்கமில்லை, அது நிஜமுமில்லை. எங்கள் பக்கம் சீசனில் ஜமாக்களுக்கு நாள் கிடைக்காது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை நாடு முழுக்கத் தெரிந்த பெயர். காஞ்சிபுரத்தில் பி. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 1990ல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கி, பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். பெண் பிள்ளைகள் வேஷம் கட்டியதும் அங்கேதான். அந்தப் பள்ளி 2020ல் மூடப்பட்டது. கூத்து இருக்கிறது. ஆனால் மைக் வந்த பிறகு குரல் இறங்கிவிட்டது. குரல் இறங்கியதால் முகவீணைக்கு வேலை குறைந்தது. பெட்டி போய்ச் சில ஜமாக்களில் கீ-போர்டு வந்துவிட்டது. ராத்திரி பத்திலிருந்து விடிய விடிய என்பது போய், சில ஊர்களில் ஒரு மணிக்கே மங்களம் பாடச் சொல்கிறார்கள். ஒரு மணிக்குக் கர்ணன் செத்தால் கிழக்கு எப்படி வெளுக்கும்? நான் கேட்ட கிழவர் காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. மாமாவின் ஜமாவில் இப்போது முகவீணை வாசிப்பவர் ஒரே ஒருவர். வயது எழுபதுக்கு மேல்.

போன வருஷம் நானும் நம் பேட்ச் நண்பர்கள் இருவரும் நல்ல மைக்குகளும் ரிக்கார்டரும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனோம். கர்ண மோட்சம் முழுவதையும், களரியிலிருந்து மங்களம் வரை, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி மைக் வைத்து எட்டு மணி நேரம் பதிவு செய்தோம். என் கும்பகோணத்து நண்பனும் வந்திருந்தான். பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறவன், விடியற்காலையில் தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். காலையில் ஜமாவின் வாத்தியாரிடம் போய், இதை எல்லோரும் கேட்கும்படி போடலாமா என்று கேட்டேன். அவர் அரிதாரத்தை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, நீ நல்லதுக்குத்தான் சொல்ற. ஆனா போன்ல போட்டுட்டா அப்பால எங்கள யாரு கூப்புடுவாங்க? பொட்டில பாட்டப் போட்டுட்டுப் போயிகினே இருப்பாங்க. வருஷத்துல நாலு மாசம் ஆடி எட்டு மாசம் துன்றோம். அது உனுக்குத் தெரியாதா? உங்க மாமன் கடைய மூடிட்டுதான வந்தாரு?"

தெரியும். மாமாவின் சைக்கிள் கடை 2011ல் மூடிவிட்டது. அதற்கப்புறம் கூத்துக் காசுதான். என் நண்பர்களில் ஒருவன், காசு கொடுத்துக் கேட்கிற மாதிரிப் போடலாம், பங்கு ஜமாவுக்கு என்றான். இன்னொருவன், முகவீணைப் பாகத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் கற்றுக்கொள்கிறவர்களுக்குத் தரலாம் என்றான். இரண்டும் நல்ல யோசனைகளாகத்தான் எனக்குப் பட்டன. வாத்தியார் இரண்டையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பதிவு உங்ககிட்டயே இருக்கட்டும். மொதல்ல உங்க காலேஜில ஒருவாட்டி ஆட வுடுங்க. ஆயிரம் புள்ளைங்க படிக்கிற எடம். அதுல நாலு பேரு எங்க ஊருக்கு வந்து கேட்டாங்கன்னா அப்பறம் பேசலாம்" என்றார். முகவீணைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சீவாளியை நூலில் கட்டிக்கொண்டிருந்தார். "காலேஜில ஊதக் கத்துக்கணும்னு எவனாச்சும் கேட்டா என்கிட்ட அனுப்புப்பா. காசு வேணாம். காத்து இருக்கற வரைக்கும் சொல்லித் தரேன்" என்றார்.

பதிவு இப்போது என்னிடமும் நண்பர்கள் இருவரிடமும் மூன்று ஹார்டு டிஸ்க்குகளில் இருக்கிறது. யாருக்கும் கொடுக்கவில்லை. நேரில் வந்தால் போட்டுக் காட்டுகிறேன்.

இந்தச் சங்கமத்தின் கலை நிகழ்ச்சியில் கூத்து வைப்பது பற்றிச் சங்கச் செயலாளரிடம் பேசினேன். அவருக்கும் ஆர்வம்தான். ஆறரையிலிருந்து ஏழேகால் வரைக்கும் இடம் இருக்கிறது, அதற்குள் முடித்துவிட்டால் மெல்லிசைக் குழு மேடை ஏறிவிடலாம் என்றார். முக்கால் மணியில் கர்ணன் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வருவதே கஷ்டம் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். விடிய விடிய இல்லாவிட்டால் வேண்டாம் என்று ஆரம்பித்தவர், இப்போது நான்கு மணி நேரத்துக்கு இறங்கி வந்திருக்கிறார். செயலாளர் ஒன்றரை மணி நேரத்துக்கு ஏறி வந்திருக்கிறார். மலர் அச்சுக்குப் போகும் இந்த நேரம்வரை பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. மெல்லிசைக் குழுவில் பாடுகிற நண்பர்கள் யாராவது தங்கள் நேரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தால், நான் மெக்கானிக்கல், 2010 பேட்ச். பதிவு மேஜைக்குப் பக்கத்தில்தான் இருப்பேன்.